நெருக்கடிக் காலத் தத்துவம்: தனி ஆளுக்கா, ஊருக்கா?

குளக்கட்டு (கிளிநொச்சி)

கொரோனாக் காலத்தில் தொடங்கி ஒரு வகைக் கட்டுரை ஓயாமல் வந்துகொண்டிருக்கிறது. தொற்று, போர், விலையேற்றம், காலநிலை எல்லாம் உலகம் முழுவதையும் ஒன்றாகப் பிடித்துவிட்டன, இதற்குள் ஒரு மனிதன் மனம் குலையாமல் வாழ்வது எப்படி என்று பழைய கிரேக்க, ரோமத் தத்துவக்காரரை எழுப்பிக் கேட்கிற கட்டுரைகள். அதிகம் எழுப்பப்படுகிறவர் எபிக்டெட்டஸ். உன் வசத்தில் உள்ளது எது, இல்லாதது எது என்று முதலில் பிரி. உன் வசத்தில் இல்லாததற்காக மனதைப் போட்டு உடைக்காதே. அவர் சொன்னதின் அடி இதுதான். அடுத்தவர் மார்கஸ் அரேலியஸ், 161 முதல் 180 வரை ரோமை ஆண்டவர். அவர் காலத்தில் ஒரு கொள்ளைநோய் வந்து ஆண்டுக்கணக்காகப் பேரரசை அரித்தது. அந்த நாட்களில் அவர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டதை இப்போது வாட்ஸ்அப்பில் காலை வணக்கத்தோடு அனுப்புகிறார்கள்.

வாசிக்க நன்றாகத்தான் இருக்கிறது. எனக்கு இடறுவது ஒன்று. இந்தப் போதனையில் நெருக்கடிக்கு முன்னால் நிற்பவர் எப்போதும் தனி ஆள். அவர், அவருடைய மனம், அதற்கு வெளியே உலகம். இலங்கையின் வடக்கே, எங்கள் வன்னியில் எனக்குத் தெரிந்த எந்த நெருக்கடியும் அப்படி வந்ததில்லை. தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடை, இடப்பெயர்வுகள், 2004 சுனாமி, 2009 கடைசிப் போர், 2018 டிசம்பர் வெள்ளம், 2021இல் உரம் இல்லாமல் விதைத்த காலபோகம் (பெருமழைக் காலத்து நெல்), 2022 எரிபொருள் வரிசை. ஒவ்வொன்றிலும் என் வசத்தில் என்ன இருந்தது என்பது அயலைக் கேட்காமல் எனக்கே தெரியாது.

கிளிநொச்சியின் இரணைமடுக் குளத்தை எடுங்கள். சிறுபோகத்துக்கு, அதாவது மழை குறைந்த பருவத்து நெல்லுக்கு, முன்னால் கூட்டம் வைப்பார்கள். குளத்தில் எத்தனை அடி நிற்கிறது என்பதுதான் முதல் கேள்வி. திருத்தி முடித்த பிறகு குளம் 36 அடி கொள்ளும். சிறுபோகத்துக்கு இருக்கிற தண்ணீர் எல்லா வயலுக்கும் காணாது. ஆகவே எத்தனை ஏக்கர் விதைக்கலாம் என்று முதலில் முடிவெடுத்து, அதைக் காணிக்காரருக்குள் பங்கு பிரிப்பார்கள். என் வயல் வாய்க்கால் தலைப்பில் இருக்கிறது, எனக்குத் தண்ணீர் எப்படியும் வரும், நான் முழுக்க விதைப்பேன் என்று ஒருவர் சொல்ல இடமில்லை. வாய்க்கால் கடைசியில் இருக்கிறவருக்கும் ஒரு துண்டு உண்டு.

என் வசத்தில் உள்ளது எது என்ற எபிக்டெட்டஸின் கேள்விக்கு இங்கே விடை கூட்டம் முடிந்தால்தான் கிடைக்கும். இதை ஒரு தத்துவமாக எடுத்துக் கதைக்கலாமா, அல்லது நான் வயல் வேலையைப் பெருப்பிக்கிறேனா?

வவுனிக்குளத்தான்

அண்ணை, பங்குக்கு மேலே களவாக விதைக்கிறவர்களையும் சேர்த்து எழுதுங்கள். தத்துவம் முழுமையாக இருக்கும்.

பனங்கூடல் (யாழ்ப்பாணம்)

மார்கஸ் அரேலியஸைப் பற்றி ஒரு சொல். வருவதை ஏற்றுக்கொள் என்று ஒரு பேரரசர் சொன்னால் நான் சற்றுத் தள்ளி நின்றுதான் கேட்பேன். டான்யூப் நதிக்கரையில் ஆண்டுக்கணக்கில் போர் நடத்தியவர் அவர். அந்தப் போரில் ஊர் எரிந்த சனத்துக்கு வந்தது இயற்கையின் ஒழுங்கா, அவருடைய படையா?

எபிக்டெட்டஸ் வேறு ஆள். அடிமையாகப் பிறந்தவர், கால் ஊனம். தத்துவக்காரர்கள் ரோமில் இருக்கக் கூடாது என்று டொமிஷியன் விரட்டியபோது கிரேக்கப் பக்கம் நிக்கோபோலிஸ் போய் அங்கே பள்ளி நடத்தினார். நம்முடைய பாஷையில் சொன்னால் இடம்பெயர்ந்து போய்ப் படிப்பித்த வாத்தியார். தன் உடம்பே இன்னொருவன் சொத்தாக இருந்தபோது, மனமாவது என்னுடையது என்று ஒருவர் சொல்வது வேறு. அதைச் சாப்பாடு, மின்சாரம், கடவுச்சீட்டு எல்லாம் உள்ள ஒருவர் மன அமைதிக்குக் குளிசை போல எடுத்துக்கொள்வது வேறு.

நந்திக்கடல் (முல்லைத்தீவு)

எபிக்டெட்டஸை இவ்வளவு கெதியாகத் தப்பவிட வேண்டாம். பிள்ளையை முத்தமிடும்போது, நீ முத்தமிடுவது சாகப்போகிற ஒரு மனிதரை என்று நினைத்துக்கொள், பிறகு பிள்ளை இறந்தாலும் நீ குலைய மாட்டாய் என்று சொன்னவரும் அவர்தான்.

2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவுகள் தொடர் போராட்டத்தில் உட்கார்ந்தார்கள். அப்புறம் வவுனியா, முல்லைத்தீவு என்று பரவியது. அவர்களில் பலர் விடை கிடைக்காமலே இறந்துவிட்டார்கள். அந்தத் தாய்மாருக்கு இந்தப் போதனையில் இடம் எங்கே? அவர்களுடைய பிள்ளை இறந்ததாக யாரும் சொல்லவில்லை. உயிரோடு இருப்பதாகவும் சொல்லவில்லை. அந்தப் பிள்ளைகளில் பலரைப் போரின் முடிவில் தாய்மாரே கையில் பிடித்துக் கொண்டுபோய் இராணுவத்திடம் ஒப்படைத்தார்கள். ஏற்றுக்கொள் என்று சொல்வதற்கு முன்னால், எதை ஏற்றுக்கொள்வது என்று யாராவது சொல்ல வேண்டாமா? மரணச் சான்றிதழ் வாங்கிக்கொள்ளுங்கள், நட்டஈடு வாங்கிக்கொள்ளுங்கள் என்று வந்தவர்கள் எல்லாம் அரை எபிக்டெட்டஸ்கள்தான்.

மனதை ஆற்றிக்கொள்ளாமல் இருப்பதும் ஒரு நிலைப்பாடு. என்ன நடந்தது என்று தெரியும்வரை ஆறமாட்டேன் என்று ஒரு தாய் உட்கார்ந்திருப்பதை மன நோயாகப் பார்க்கிற ஆலோசகர்களை நான் கண்டிருக்கிறேன். எனக்கு அந்தத் தாய்தான் தெளிவாக இருக்கிற மாதிரித் தெரிகிறது.

குளக்கட்டு

தங்கச்சி, இதற்கு என்னிடம் எதிர்ச்சொல் இல்லை. ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். அவர்களும் தனித்தனியாக வீட்டில் இருந்து அழாமல் ஒரு கொட்டிலில் கூடி உட்கார்ந்தார்கள்.

தொலைவில் (ரொறன்ரோ)

இங்கே கொரோனாக் காலத்தில் நடந்த விவாதம் ஒன்று உங்கள் பேச்சோடு ஒட்டும். 2020 பெப்ரவரி கடைசியில் இத்தாலியத் தத்துவவாதி ஜோர்ஜோ அகம்பென் ஒரு கட்டுரை எழுதினார். நோயைச் சாட்டி அவசரநிலையை அன்றாட ஆட்சிமுறையாக்கப் பார்க்கிறார்கள் என்பது அவர் வாதம். கொஞ்ச நாளில் வட இத்தாலியில் பிணங்கள் குவிந்தன, எல்லாரும் அவரைத் திட்டினார்கள். அவருடைய நண்பர், பிரெஞ்சுத் தத்துவவாதி ஜான்-லூக் நான்சி, எழுதிய மறுப்புத்தான் எனக்குப் பிடித்தது. முன்னொரு காலம் தனக்கு இதய மாற்றுச் சிகிச்சை வேண்டும் என்று மருத்துவர்கள் சொன்னபோது, கேட்காதே என்று சொன்ன மிகச் சிலரில் அகம்பெனும் ஒருவர், அவர் பேச்சைக் கேட்டிருந்தால் நான் அப்போதே செத்திருப்பேன் என்று எழுதினார். தத்துவச் சண்டையில் இப்படி ஒரு அடி அபூர்வம்.

இங்கே இளசுகள் கேட்கிற இன்னொரு கேள்வி: காலநிலை இப்படிப் போகும்போது பிள்ளை பெறுவது சரியா? என் மகள் என்னைக் கேட்டாள். நான் பிறந்து வளர்ந்த காலத்தைச் சொல்லி மழுப்பினேன், அவள் விடவில்லை.

செட்டிகுளம் வீதி (வவுனியா)

அகம்பென் நோயைப் பற்றிச் சொன்னது பிழை. அவசரநிலையைப் பற்றிச் சொன்னதை இந்த நாட்டில் எந்தத் தமிழனும் சிரித்துத் தள்ள மாட்டான்.

1979இல் பயங்கரவாதத் தடைச் சட்டம் மூன்று ஆண்டுக்கு என்றுதான் வந்தது. 1982இல் நிரந்தரமாக்கினார்கள். சட்டத்தின் பெயரில் மட்டும் ‘தற்காலிக ஏற்பாடுகள்’ அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது. போரில் இடம்பெயர்ந்த சனத்தை அடைத்த மெனிக்பாம் முகாமும் தற்காலிகம் என்றுதான் சொன்னார்கள், 2012 செப்ரெம்பர் வரை முகாம் இருந்தது. கடைசியாக அங்கிருந்து ஏற்றப்பட்டவர்களில் முல்லைத்தீவின் கேப்பாப்பிலவுச் சனமும் அடக்கம். அவர்களைச் சொந்தக் காணிக்கு விடாமல் வேறிடத்தில் இறக்கினார்கள், ஊர்க்காணிக்குள் இராணுவம். 2017இல் வீதியில் இருந்து போராடித்தான் சில துண்டுகள் திரும்பின.

இதனால் உலகத்தில் எந்த மூலையில் யார் ‘இது அசாதாரண காலம்’ என்று சொன்னாலும் எனக்கு முதலில் வருகிற கேள்வி, எப்போது முடியும் என்று எழுதித் தருவீர்களா என்பதுதான். நெருக்கடி முடிந்துவிடும். அதற்காகப் போட்ட முள்வேலி முடியாது.

நந்திக்கடல்

தொலைவில் அண்ணா, உங்கள் மகளின் கேள்விக்கு வன்னியின் கதை விடையாகாது. போருக்குள்ளும் நாங்கள் பெற்றோமே என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். எப்படிப் பெற்றோம்? கடைசி ஆண்டுகளில் புலிகள் இயக்கத்துக்குப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்ற பயத்தில் எத்தனை பிள்ளைகளுக்குப் படிக்கிற வயதில் கலியாணம் கட்டி வைத்தார்கள். அதில் எத்தனை பேர் இன்று தனியாகக் குடும்பத்தை இழுக்கிறார்கள், நுண்கடன்காரன் வாசலில் நிற்க. அங்கே யாரும் எதிர்காலத்தை நம்பி முடிவெடுக்கவில்லை. நாளைக்கு வீட்டுக்கு வருகிறவனை நினைத்து எடுத்தார்கள்.

உங்கள் மகளுக்கு யோசிக்க நேரம் இருக்கிறது. யோசிக்கட்டும். அந்த நேரத்தைக் குற்றமாகப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை.

சங்கக்கடை வாத்தியார் (வட்டக்கச்சி, ஓய்வு)

இந்த இழையில் இன்னும் யாரும் விதியைக் கொண்டுவராதது ஆச்சரியம். கோயில் வாசலில் ‘செய்த வினை’ என்று முடித்துவிட்டுப் போகிறவர்கள் அதிகம். அவர்களுக்கு வள்ளுவரையே காட்டலாம். ஊழுக்கு 38ஆம் அதிகாரம் கொடுத்து அதைவிடப் பெரிய வலிமை இல்லை என்று சொன்னவர், 62ஆம் அதிகாரத்தில் தளராமல் முயல்கிறவர் ஊழையும் புறமுதுகு காண்பார் என்கிறார். முரண்பாடு என்று உரைகாரர்கள் சமாதானம் தேடுகிறார்கள். நான் சமாதானம் தேடுவதில்லை. விதைக்கிற மனிதனுக்கு இரண்டும் வேண்டும். மழையைப் பற்றி ஒன்று, வரம்பைப் பற்றி மற்றது.

எனக்குப் பெரிய எரிச்சல் வேறு. போர் முடிந்த பிறகு வன்னிக்கு வந்த பயிற்சிப் பட்டறைகளில் ஒரு சொல் அடிபட்டது, ‘மீண்டெழும் திறன்’. வெள்ளைப் பலகையில் எழுதிவிட்டு எங்களைப் பார்த்துக் கைதட்டுவார்கள். நீங்கள் எதையும் தாங்குவீர்கள் என்று. ஜாம் போத்தலில் திரி போட்டு விளக்கெரித்தோம், சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டோம், மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டினோம், பனம்பழத்தில் உடுப்புத் துவைத்தோம். எல்லாம் உண்மைதான். ஆனால் இந்தப் புகழ்ச்சிக்கு ஒரு விலை உண்டு. தாங்குகிறவனுக்கு அடுத்த சுமையை ஏற்றுவது சுலபம். 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயில் இருந்து ஒரே அடியாக 340 ஆனது. முல்லைத்தீவுக் கரையில் வெளியிணைப்பு இயந்திரப் படகுகள் மண்ணெண்ணெயில் ஓடுபவை. தொழிலுக்குப் போகாமல் படகுகள் கரையில் கிடந்தன. எப்படியும் சமாளிப்பார்கள் என்று மேலே யாரோ நினைத்திருப்பார்கள்.

உலகம் நெருக்கடியில் இருக்கிறது, வன்னியிடம் கற்றுக்கொள்வோம் என்று யாராவது வந்தால் நான் முதலில் கேட்பது, கற்றுக்கொண்டு எங்களுக்கு என்ன செய்யப்போகிறீர்கள்?

மேட்டுக்காணி (கிளிநொச்சி)

குளக்கட்டு அண்ணை, உங்கள் கூட்டத்தைப் பற்றி நான் ஒன்று சொல்ல வேண்டும்.

என் தாய் தகப்பன் 1977 கலவரத்துக்குப் பிறகு மலையகத் தோட்டத்தை விட்டு வன்னிக்கு வந்தவர்கள். காடு வெட்டினார்கள், அடுத்தவர் வயலில் நாற்றுப் பிடுங்கினார்கள், கதிர் அறுத்தார்கள். இரணைமடு வாய்க்காலில் அவர்கள் துப்புரவாக்காத இடம் இல்லை. ஆனால் அவர்களுக்குக் கிடைத்தது மேட்டில் கால் ஏக்கர், அரை ஏக்கர். வயற்காணி இல்லை. வயற்காணி இல்லாவிட்டால் பங்கும் இல்லை.

நீங்கள் எழுதியது அழகு. வாய்க்கால் கடைசியில் இருக்கிறவருக்கும் ஒரு துண்டு உண்டு. வாய்க்காலே இல்லாதவருக்கு? குளத்தில் தண்ணீர் குறைந்து விதைப்பு பாதியானால் உங்களுக்கு நெல் பாதி. எங்களுக்கு வேலை பாதி. அதுவும் அறுவடை இயந்திரம் வந்த பிறகு பாதியிலும் பாதி. அந்தக் கணக்கை எந்தக் கூட்டத்திலும் யாரும் போட்டதாக நான் அறியவில்லை.

தனி ஆளுக்குப் பதில் ஊர் என்று நீங்கள் சொன்னதும் எனக்கு வந்த கேள்வி, எந்த ஊர்?

பனங்கூடல்

இதையே நான் இன்னொரு பக்கத்தில் இருந்து கேட்கிறேன். இரணைமடுத் தண்ணீரில் ஒரு பகுதியைக் குடிநீராக யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோகும் திட்டம் வந்தபோது கிளிநொச்சி விவசாயிகள் எதிர்த்தார்கள். குடாநாட்டுக்கு ஆறு இல்லை, கிணற்றை நம்பியிருக்கிறோம், கிணறுகளில் உப்பும் உரக் கழிவும். கடைசியில் தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம்தான் வந்தது. பங்கு பிரிக்கிற தத்துவம் வன்னியையும் குடாநாட்டையும் இணைக்கிற ஆனையிறவைத் தாண்டவில்லையே?

வவுனிக்குளத்தான்

தொடங்கிவிட்டார்கள். நான் தேத்தண்ணீர் போட்டுக்கொண்டு வருகிறேன்.

குளக்கட்டு

பனங்கூடல், முதலில் உங்களுக்கு.

1995 ஒக்ரோபர் கடைசியில் போரால் யாழ்ப்பாண நகர்ப் பக்கத்து வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் எழும்பி நடந்தது. குடாநாட்டின் தென்மராட்சியில் நின்று, பிறகு கிளாலிக் கடல்நீரேரி கடந்து பெருந்தொகையான சனம் வன்னிக்கு வந்தது. அந்தச் சனத்துக்குக் கொட்டில் போட வளவைத் திறந்துவிட்டவர்கள், கிணற்றில் அள்ள விட்டவர்கள், நீங்கள் சொல்கிற அதே விவசாயிகள்தான். பெருமைக்குச் சொல்லவில்லை. கிணற்றடியில் சண்டையும் நடந்தது, யாழ்ப்பாணத்தார் என்ற நக்கலும் நடந்தது. ஆனாலும் விட்டார்கள். அப்படியென்றால் பின்னால் குடிநீர்த் திட்டம் வந்தபோது ஏன் மறுத்தார்கள்?

நான் கதைத்த விவசாயிகளுக்கு யாழ்ப்பாணத்தார் குடிப்பதில் கோபம் இல்லை. குழாய் ஒருமுறை போய்விட்டால் அது எப்போதைக்குமாகப் போய்விடும் என்பதுதான் பயம். மழை பொய்த்த ஆண்டில் வயலை நிறுத்தினாலும் குழாயை நிறுத்த மாட்டார்கள், முடிவை எடுக்கப்போவது கொழும்பில் ஒரு மேசை. செட்டிகுளம் வீதி மேலே சொன்ன அதே பயம்தான். தற்காலிகம் என்று வந்தது இந்த மண்ணை விட்டு லேசில் திரும்பிப் போவதில்லை.

இதை எழுதும்போதுதான் இரணைமடுக் கூட்டத்தில் எனக்குப் பிடித்தது எது என்று விளங்குகிறது. பகிர்வது மட்டும் இல்லை. அந்தப் பங்கு ஒரு போகத்துக்கு மட்டும். அடுத்த சிறுபோகத்துக்குக் குளத்தைத் திரும்பவும் அளந்து, திரும்பவும் கூட்டம் கூடி, திரும்பவும் சண்டை பிடித்துத்தான் முடிவெடுக்க வேண்டும். போன வருடப் பங்கு இந்த வருடத்துக்குச் செல்லாது. நெருக்கடிக்கு எடுக்கிற எந்த முடிவும் இப்படி இருந்தால், சனம் விட்டுக்கொடுக்கத் தயங்காது என்று நினைக்கிறேன். 2022இல் எரிபொருளுக்குக் கியூஆர் அட்டை வந்தபோது யாரும் பெரிதாக முணுமுணுக்கவில்லை. அளவு குறைவு, ஆனால் வாரத்துக்கு இவ்வளவு என்று எல்லாருக்கும் தெரிந்தது, தட்டுப்பாடு தீரத் தீர அளவு கூடியது, பிறகு இல்லாமலே போனது. சங்கக்கடையில் (கூட்டுறவுக் கடை) கூப்பனுக்கு வரிசையில் நின்று வளர்ந்தவனுக்கு அது புதிதும் இல்லை.

காலநிலைக்கு உலகம் எடுக்கிற முடிவுகளிலும் இதுதான் சிக்கல் என்று படுகிறது. நீங்கள் குறையுங்கள், நீங்கள் தாங்குங்கள் என்று சொல்கிறார்கள். யார் அளந்தது, திரும்ப எப்போது அளப்பீர்கள், அளக்கும்போது நாங்கள் அங்கே இருப்போமா என்று கேட்டால் பதில் இல்லை. தன் மனதை அடக்கக் கற்றுக்கொண்ட தனி ஆளால் இந்தக் கேள்வியைக் கேட்க முடியாது. அவர் ஏற்கெனவே தன்னைச் சமாதானப்படுத்திவிட்டார்.

தொலைவில்

அண்ணை, ஒரு போகம் என்பது நெல்லுக்குச் சரி. நாலு மாதம். காலநிலைக் கணக்கு ஐம்பது, நூறு ஆண்டு. ஒவ்வொரு போகமும் திரும்பக் கூடிக் கதைத்தால் நூறு ஆண்டு வேலை எப்படி நடக்கும்?

சங்கக்கடை வாத்தியார்

நல்ல கேள்வி. வன்னிக்கு இதில் ஒரு காயம் இருக்கிறது. நெட்டைத் தென்னை காய்க்க ஆறேழு வருடம் எடுக்கும், பனைக்கு அதைவிட இரண்டு மடங்குக்கு மேல். 1996இல் கிளிநொச்சி இடம்பெயர்ந்தது, 2008, 2009இல் முழு வன்னியும் இடம்பெயர்ந்தது. இடையில் வைத்த கன்று யாருக்குக் காய்த்ததோ. திரும்பி வந்தபோது சில வளவுகளில் தலை (வட்டு) அறுந்த தென்னைகள்தான் நின்றன. ஆகவே சனம் கச்சானும் (நிலக்கடலை) பயறும் போடப் பழகியது. மூன்று மாதத்தில் கையில் வருகிறதுதான் நம்பிக்கை. பிள்ளைகளின் படிப்பையும் சில வீடுகளில் அப்படித்தான் பார்க்கிறார்கள், உடனே காசு வருகிற வேலை எது என்று.

குளக்கட்டின் ஒரு போகக் கூட்டத்துக்கு நான் எதிரி இல்லை. ஆனால் அந்தக் குளம் போகக் கணக்கில் கட்டப்பட்டதில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வேலை தொடங்கி ஆண்டுக்கணக்காக நடந்தது. அணைக்கட்டுக்கு மண் சுமந்தவர்களில் எத்தனை பேர் அந்தத் தண்ணீரில் விளைந்த நெல்லைக் கண்டிருப்பார்கள்? பங்கு பிரிக்கிற கூட்டம் ஒன்று வேண்டும், கட்டுகிற கூட்டம் வேறொன்று வேண்டும். இரண்டாவதற்கு இங்கே இப்போது ஆள் இல்லை. இளசுகள் கடவுச்சீட்டுக்கு வரிசையில் நிற்கிறார்கள், அவர்களைக் குறை சொல்லவும் முடியவில்லை.

நந்திக்கடல்

வாத்தியார், கட்டுகிற கூட்டம் இருக்கிறது. கொட்டிலில் இருக்கிற அந்தத் தாய்மார். தங்கள் காலத்தில் பதில் வராது என்று அவர்களுக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் ஒவ்வொரு பெயரும் திகதியும் இடமும் எழுதி வைக்கிறார்கள்.

மேட்டுக்காணி

எல்லாரும் பெரிய விசயங்களுக்குப் போய்விட்டீர்கள். என் கேள்வி மேலேயே நிற்கிறது. பனங்கூடலுக்கு நீளமாக எழுதினீர்கள் அண்ணை, எனக்கு ஒரு வரி இல்லை.

குளக்கட்டு

உங்களுக்கு என்ன எழுதுவது என்று யோசித்துக்கொண்டிருந்தேன், தம்பி. கூட்டத்தில் காணிக்காரர் மட்டும் இருப்பது வழக்கப்படி சரி, கமக்கார அமைப்பின் (விவசாயிகள் சங்கம்) உறுப்பினர்கள் அவர்கள்தான். நியாயப்படி பார்த்தால் விதைப்பு குறைகிற ஆண்டில் முதலில் அடிபடுவது கூலிக்குப் போகிற வீடுகள். குறைகிற ஏக்கருக்கு எத்தனை வேலைநாள் குறைகிறது என்று கணக்குப் போடலாம், கடினமில்லை. வாய்க்கால் துப்புரவு, கட்டு வேலை மாதிரியான கூலி வேலைகளை அந்த ஆண்டில் அந்த வீடுகளுக்கு முதலில் கொடுக்கலாம். இதை யாராவது கூட்டத்தில் எடுக்க வேண்டும்.

வவுனிக்குளத்தான்

யாராவது என்றால்?

மேட்டுக்காணி

எனக்கு உறுப்புரிமை இல்லை. குளக்கட்டு அண்ணைக்கு இருக்கிறது. சிறுபோகக் கூட்டம் பங்குனிப் பக்கம் வரும்.